சப்போட்டா ஒட்டு வாங்கப் போன இடம்: கன்னியாகுமரி பழத்தோட்டமும் வட்டக்கோட்டை கடலும்

கன்னியாகுமரி வாறவங்க முக்காவாசிப் பேரு விடியக்காலைல சூரியன் உதிக்கறத பாத்துட்டு, போட்ல பாறைக்கு போயிட்டு, சிப்பி மாலை ரெண்டு வாங்கிட்டு பஸ் ஏறிருவாங்க. எங்களுக்கு ஊரு மார்த்தாண்டம் பக்கம், கேப்புன்னா, கன்னியாகுமரிய நாங்க அப்படித்தான் சொல்லுவோம், வெளியூர் சொந்தக்காரங்க வந்தா கூட்டிட்டு போற இடம், அவ்வளவுதான் நெனப்பு. எனக்க அப்பாவுக்கு மட்டும் கன்னியாகுமரின்னா பழத்தோட்டம். எங்க விளையில நின்ன சப்போட்டா மூடு (மரம்) அங்க இருந்து அப்பா பஸ்ல மடியில வச்சு கொண்டு வந்த ஒட்டு. 2017 நவம்பர் 30 ஓக்கி புயல்ல அது வேரோட சாஞ்சுது. ரப்பரு, வாழை எல்லாம் போன அன்னைக்கு எங்க வீட்ல அம்மா அழுதது அந்த ஒரு மரத்துக்குத்தான். அப்பா இப்ப இல்ல. அந்த இடத்துல வேற எதையும் வைக்க அம்மா விடல, அதனால இந்த வருஷம் மழைக்கு முன்னாடி அதே தோட்டத்துல இருந்து ஒரு ஒட்டு வாங்கணும்னு அம்மாவையும் மகளையும் கூட்டிட்டு போனோம்.

நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற மெயின் ரோட்டுலயே, ஊருக்குள்ள நுழையறதுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கு. போர்டுல அரசு தோட்டக்கலைப் பண்ணைன்னு இருக்கும், நம்ம ஆளுங்களுக்கு பழத்தோட்டம். 1922ல திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்துல ஆரம்பிச்சது, 31 ஏக்கருக்கு மேல இருக்கு. அப்ப நம்ம மாவட்டம் தமிழ்நாட்டுலயே இல்ல, 1956 நவம்பர் 1ல தான் சேந்தோம், ராஜா போயி ராஜ்யம் போயி மாநிலமே மாறிப் போச்சு, அந்த மண்ணுல இன்னைக்கும் மாமரத்துக்கு ஒட்டு கட்டிட்டு இருக்காங்கன்னா எனக்கு அது பெரிய விஷயமா படுது. உள்ளயே சுற்றுச்சூழல் பூங்கான்னு புல்தரை, பூச்செடி, பிள்ளைங்க வெளையாடற இடம் எல்லாம் இருக்கு, மக அங்கயே நின்னுட்டா. எனக்கும் அம்மாவுக்கும் நர்சரி பக்கம்தான் கண்ணு.

அங்க வேலை பாக்கற ஒரு அக்கா, நாங்க சப்போட்டா கேட்டதும் நிறுத்தி நிதானமா சொல்லிக் குடுத்தாங்க. சப்போட்டாவ விதை போட்டு வளத்தா காய்க்க வருஷக்கணக்காகும், தாய் மரத்து குணமும் அப்படியே வராது. அதனால பாலா கன்ன வேர்ச்செடியா வச்சு அதுல நல்ல சப்போட்டா கிளைய ஒட்டுவாங்க. கீழ பாலா, மேல சப்போட்டா. பாலா நம்ம வறட்சிய தாங்கற மரம், வேரு நல்லா பிடிக்கும், அதுதான் காரணம். "உயரமா இருக்குன்னு எடுக்காத மக்கா, ஒட்டு சேந்த இடத்த பாரு"ன்னு சொல்லி, விரிசல் இல்லாம நல்லா கூடிப்போன ரெண்ட எடுத்து தந்தாங்க. ஒட்டு மண்ணுக்கு மேல நிக்கணும், கம்பு ஒண்ணு ஊனி கட்டணும், ஒட்டுக்கு கீழ துளிர் வந்தா உடனே கிள்ளிடணும், விட்டா பாலா தான் வளரும் சப்போட்டா பட்டுப் போகும். குழி மூணடிக்கு மூணடி, மூட்டுக்கு மூடு 8 மீட்டர் விடணும். அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு கடைசில "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாரு"ன்னாங்க. அந்த அக்கா ஒண்ணும் பேசல, ஒரு கைப்பிடி பச்ச வேப்பிலைய பறிச்சு கன்னு மேல போட்டு வெயில் படாம மூடி தந்தாங்க.

கன்னு வாங்கற எண்ணம் இருந்தா காலைலயே போயிருங்க, மத்தியான வெயில்ல கன்ன கார்ல வச்சுட்டு சுத்தாதீங்க, வாடிரும். நாங்க ஒரு மரத்தடி பாத்து நிழல்ல நிறுத்தி கண்ணாடிய லேசா இறக்கி விட்டோம்.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. கேப் பக்கம் ஒரு ஹோட்டல்ல மீன்கறி சாப்பாடு சாப்ட்டோம், விலைப்பட்டியல் கெடையாது, பில் வந்தப்பறம் தான் நெய்மீன் துண்டுக்கு தனியா போட்டது தெரிஞ்சுது, கேட்டா சரியா பதில் இல்ல. பேரு வேண்டாம். உக்காரும்போதே என்ன விலைன்னு கேட்டுக்கோங்க. இதுக்கு பதிலா ரோட்டோரம் தொங்கற மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கியிருந்தா வயிறு குளிர்ந்திருக்கும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடும் கெடச்சாச்சு, சின்னதா தேன் மாதிரி இருக்கும், வெளியூர்காரங்க தவற விடாதீங்க.

அதுக்கப்பறம் வட்டக்கோட்டை. அஞ்சுகிராமம் போற ரோட்டுல ஏழு கிலோமீட்டர் சுமாருக்கு வரும். குளச்சல் போர்ல 1741ல மார்த்தாண்டவர்மா பிடிச்ச டச்சுக் கம்பெனி படைத்தலைவர் டிலனாய், பின்னாடி அதே ராஜாவோட படையத் தூக்கி நிறுத்துனவரு, அவர் மேல்பார்வைல பலப்படுத்துன கோட்டை. முழுக்க கருங்கல்லு. மதில் மேல ஏறி நின்னா ஒரு பக்கம் கடல், திரும்புனா மருந்துவாழ் மலை, காத்து ஆளையே தள்ளும், அம்மா முந்தானைய இடுப்புல சொருகிட்டு பத்து நிமிஷம் அசையாம நின்னாங்க. கீழ கரைல மணலு கறுப்பா கெடக்கும். அழுக்கு இல்லைங்க, இல்மனைட், மோனசைட்னு கனமான தாதுக்கள் அலை அடிச்சு ஒதுங்கறது, கார்னெட் கூடுதலா இருக்கற எடம் செவப்பா தெரியும். தேவிக்கு கல்யாணம் நின்னு போனதுல அரிசியெல்லாம் மணலாச்சுன்னு அம்மா சொன்ன கதைய மக அங்கயே உக்காந்து கேட்டா, ரெண்டையும் நம்பிட்டா. கடல்ல மட்டும் எறங்காதீங்க, பாறையும் இழுப்பும் சாஸ்தி, ஆனி ஆடில கால நனைக்கறதோட நிறுத்திக்கணும். சாயங்காலம் சீக்கிரமே கேட்ட அடைச்சிருவாங்க, அதனால நாலு மணிக்கு முன்னாடி போயிருங்க. மதிலுக்கு பக்கத்துல பிளாஸ்டிக் பாட்டிலும் மிக்சர் கவரும் கெடந்தது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, கொண்டு போறத நாமளே திருப்பி கொண்டு வந்தா போதும்.

திரும்பி வாற வழில புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைல டிலனாய் கல்லறையும் இருக்கு. நேரமில்ல, கன்னு வாடிரும்னு அம்மா எறங்க விடல. என்னைக் கேட்டா காலைல பழத்தோட்டம், மத்தியானம் ஓய்வு, மூணு மணிக்கு வட்டக்கோட்டை, இதுக்கே ஒரு நாள் ஒதுக்கலாம், 5க்கு 5 குடுப்பேன்.

மறுநாளே பழைய மூடு நின்ன குழில ஒண்ணு, கெணத்து பக்கம் ஒண்ணு வச்சோம். மூணாவது வாரம் ஒட்டுக்கு கீழ சின்னதா ஒரு துளிர் வந்துச்சு. நான் பாக்கறதுக்கு முன்னாடியே அம்மா கிள்ளிட்டாங்க.