கிழ நாய்க்கு எது நல்லது: வீடா, வேப்பேரியா, ஊசியா?

எங்கள் வீட்டில் இரண்டு நாய்களுக்குக் கடைசிக் காலம் பார்த்திருக்கிறோம். மணி நாட்டு நாய், 13 வயது, கிட்னி போய்விட்டது. ஜூலி லாப்ரடார், 11 வயது, மண்ணீரலில் கட்டி. மணிக்கு உயிர் போக 9 நாள் ஆனது. ஜூலிக்குக் கடைசி ஊசிக்குப் பிறகு 5 நிமிடம்கூட ஆகவில்லை. மணிக்கு நாங்கள் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர்ப் பக்கம் ஒரு நாய் படுத்துவிட்டால் மூன்று வழி சொல்வார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது. காரில் போட்டு மெட்ராஸுக்கு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவது. இதில் சேராத நாலாவது ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான்: "அது பாட்டுக்குத் தானாப் போவட்டும்."

மணிக்கு நாங்கள் செய்ததும் அதுவே. மாட்டாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் 5 தாண்டினாலே கிட்னி நோயில் கடைசிக் கட்டம். மணிக்கு 9க்கு மேல். வீட்டுக்குக் கூட்டிவந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் கோணிப்பை விரித்தோம். ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தோம். அவ்வளவுதான் செய்தோம். கத்திரி வெயில் வேறு. சோறு வைத்தால் எழுந்து வருவான், முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவான். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தோம். கிட்னி போன நாய்க்கு வாய்க்குள்ளே புண் வரும், ஓயாமல் குமட்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பசியோடு வந்து, வலியால் திரும்பியிருக்கிறான். ஆறாம் நாள் பின்னங்கால் இடுக்கில் புழு வைத்திருந்தது. ஈரமான முடியில் ஈ முட்டையிட்டால் அந்தச் சூட்டில் ஒரே நாளில் புழுவாகிவிடும். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "நேரம் வந்தா போவும், நீ இன்னாத்துக்கு அதைப் போட்டுக் கஷ்டப்படுத்துற" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதும் தானாப் போகட்டும் என்று விடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோணி, அதே கிண்ணம். ஆனால் வீட்டில் பார்ப்பது முழுநேர வேலை. ஜூலிக்கு ஐந்து வாரம் அதைச் செய்தோம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பு மேல் படுக்கைப்புண் வரும். வழுவழு டைல்ஸில் கிழ நாயால் கால் ஊன்ற முடியாது. நடக்கும் வழியெல்லாம் சாக்கு விரிக்க வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்து வெளிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாலடி முடியையும் தொடை இடுக்கு முடியையும் ஒட்ட வெட்டிவிட்டால் ஈ உட்கார இடம் இல்லை.

கிட்னி நோய் நாய்க்கு வீட்டிலேயே சலைன் ஏற்ற முடியும் என்பது பலருக்குத் தெரியாது. கீழ்த்தெரு வீட்டுக்காரர் தன் ஸ்பிட்ஸுக்கு அப்படிச் செய்தார். டாக்டர் ஒரு தடவை காட்டிக் கொடுத்திருந்தார். தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, ஊசியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விட வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க முதுகில் காளைக்குத் திமில் மாதிரி புடைக்கும். சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். நாய் பேசாமல் படுத்திருக்கும். எத்தனை மில்லி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமான நாய்க்கு அதுவே மூச்சு முட்ட வைத்துவிடும். இளநீர் நல்லதுதானே என்று ஊற்றாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி முற்றிய நாய்க்கு ஆகாது.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கும் வலி மாத்திரை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலையும் கிட்னியையும் கெடுக்கும். பாவப்பட்டு அரை மாத்திரை கொடுத்து, கறுப்பாகப் பேதி போகவைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பராமரிப்பு எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குக் காலை பஸ் ஏறினால் இருட்டித் திரும்புகிற வீட்டில் புரட்டிப் படுக்கவைக்க யார் இருக்கிறார்கள்? ஆள் இல்லாத வீட்டில் அது நாலாவது வழியாகத்தான் முடியும். அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

வேப்பேரிக்கு வருவோம். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. ஸ்கேன், ஆபரேஷன், பெரிய டாக்டர்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில். வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரம். ரயிலில் என்றால், முதல் வகுப்பு ஏசி கூபேயை முழுசாகப் பிடிக்காதவர்களின் நாய் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில்தான் போக வேண்டும். காட்பாடியில் ஏற்றி சென்ட்ரலில் இறக்கும்வரை தனியாக. முடியாத நாயை அப்படி அனுப்பவே கூடாது.

வேப்பேரியை நான் தூக்கிப்பிடிப்பது ஒரே காரணத்துக்காக: என்ன நோய் என்று ஒரு தடவை உறுதியாகத் தெரிந்துகொள்ள. வயசாயிடுச்சு என்று நாம் முடிவு கட்டுகிற பாதி விஷயம் வயசே இல்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய் தீட்டு முடிந்த சில வாரத்தில் சோர்ந்து, தண்ணீராகக் குடித்து, வயிறு உப்பினால் அது கர்ப்பப்பையில் சீழாக இருக்கலாம். நேரத்தில் எடுத்துவிட்டால் பத்து வயது நாய்கூட எழுந்து நடக்கும். உண்ணிக்காய்ச்சலும் அப்படித்தான், மாத்திரைக்கு அடங்கும். இவற்றுக்கு முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவமனையே போதும். அங்கே பிடிபடாததற்கு வேப்பேரி.

ஜூலிக்கு அங்கே எடுத்த ஸ்கேனில் கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. டாக்டர் மறைக்கவில்லை. அந்த வகைக் கட்டியில் மண்ணீரலை எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். அதில் பாதி தையல் ஆறவே போய்விடும். "வீட்டுக்குக் கூட்டிப்போங்க. ஈறு வெளுத்தா உள்ளே ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் காத்திருக்காதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக 280 கிலோமீட்டர் போய்வந்தது தகும்.

இனி ஊசி. மூன்றில் செலவு குறைவு இதற்குத்தான், பேச்சு அதிகம் இதற்குத்தான். பாவம் என்பார்கள். பெரியம்மா மறுபடியும் சொன்னார், "பெத்த புள்ளைன்னா போடுவியா?" நான் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்: "மணிக்குப் புழு வச்சப்போ யாரும் பாவம்னு சொல்லலையே அக்கா."

நேரம் பார்ப்பதுதான் கஷ்டம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 10 மார்க், கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். அம்மாவுக்கு இந்தக் கூட்டல் பிடிக்கவில்லை. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்ததும், ஜூலி வாலாட்டிய நாள் என்றால் ஜன்னல் பக்கக் கம்பியில் குத்தினாள், இல்லையென்றால் பில் குத்தும் கம்பியில். 35 நாளில் ஜன்னல் கம்பியில் 24 தாள், பில் கம்பியில் 11. அந்த 11இல் 6 கடைசி வாரத்துத் தாள்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டருக்குப் போன் போட்டோம். இன்னும் நாலு நாள் இருந்திருக்குமோ என்னவோ. நாலு நாள் முன்னால் போவது தப்பில்லை, ஒரு நாள் பின்னால் போவதுதான் கொடுமை என்பது என் எண்ணம்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள். முதலில் மயக்க ஊசி போடுவீர்களா? பிறகு போடும் மருந்து என்ன? தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தை அளவுக்கு மேல் நரம்பில் ஏற்றினால், நாய் முதலில் நினைவை இழக்கும், பிறகு மூச்சு நிற்கும், பிறகு இதயம். நினைவோடு இருக்கும் நாய்க்கு மெக்னீசியம் சல்பேட்டை மட்டும் ஏற்றுவது கூடவே கூடாது. வலியோடும் மூச்சுத் திணறலோடும் போகும். இதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும் ஏற்பதில்லை. மயக்க ஊசியெல்லாம் எதுக்கு என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். வேறு டாக்டரைத் தேடிக்கொண்டோம்.

குழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் மாமா நிலத்தில் 4 அடி வெட்டி வைத்தோம். மருந்து உடம்பில் தங்கியிருக்கும். தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் சாகலாம். பாலாற்று மணலில் புதைக்காதீர்கள்.

ஊசி போடும்போது பக்கத்தில் இருக்க முடியாது என்று பலர் வாசலுக்குப் போய்விடுகிறார்கள். பழைய வட ஆற்காட்டில் இருந்த எடுத்தனூரில், இப்போது திருவண்ணாமலை மாவட்டம், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கும் சண்டையில் பட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பின்னால் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். விழுந்தவன் பக்கத்திலிருந்து அது வாசலுக்குப் போகவில்லை.

கண் மூடாது, கடைசியில் ஒரு பெருமூச்சு வரலாம், மூத்திரம் போகலாம் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் பயந்திருப்போம். அன்றைக்குக் காலையில் அண்ணன் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தான். அதன் உள்ளே இருக்கும் உலர்திராட்சை நாய்க்கு ஆகாதுதான். அன்றைக்கு அந்தக் கணக்கு இல்லை. மூன்று பேடா, பாகு சொட்டச் சொட்ட, படுத்தபடியே தின்றாள். மயக்க ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் அம்மா மடியில் தலை சாய்ந்தது. டாக்டர் முன்னங்காலில் முடியை மழித்துக்கொண்டிருக்கும்போதும் மூக்கு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, அம்மா புடவையில் சிந்திய பாகின் பக்கமாக.