16 எம்எம் அலுமினிய பிளேட்டை வளைத்துச் செய்த மோல்டுகள்: 4 வருஷம் பிரஸ்ஸில் ஓட்டிய பிறகு

கோயம்புத்தூரில் சின்ன பட்டறை. வேளாண் ட்ரோன்களுக்குக் கார்பன் ஃபைபர் கால் அடிக்கிறோம், 6 எம்எம் தடிமன், 60 எம்எம் அகலம், நடுவில் 90 டிகிரி வளைவு. ப்ரீப்ரெக்கை, அதாவது ரெசின் (பசை) ஏற்கெனவே ஊறின கார்பன் துணியை அடுக்கி, கீழே ஒரு மோல்டு மேலே ஒரு மோல்டு வைத்து, 130 டிகிரியில் பிரஸ்ஸில் அழுத்தி எடுப்போம். இந்த மோல்டுகளை முழுக் கட்டியிலிருந்து குடையாமல் பிளேட்டை வளைத்தே செய்து 4 வருஷம் ஓட்டியாகிவிட்டது. "தாங்குமாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் வளைத்தோம் என்றால் கணக்குதான். எங்கள் வடிவத்துக்குக் கட்டி வாங்கினால் ஒரு பாதிக்கு மட்டும் சுமார் 16 கிலோ, அதில் முக்கால்வாசி விஎம்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) சுருளாகிக் குப்பைக்குப் போகும். அதே வடிவத்துக்கு 430 நீளம், 150 அகலம், 16 தடிமன் பிளேட் 3 கிலோகூட வராது. பின்பக்கம் முட்டுக்கொடுக்க 12 எம்எம் பிளேட்டில் விலா மாதிரி வெட்டிப் போல்ட் போட்டாலும் 7 கிலோவுக்குள் முடிந்துவிடும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்பதால் சூடும் சீராக ஏறுகிறது.

முதல் பிளேட் 6061-டி6 என்கிற அலுமினியக் கலவை ரகம். கையில் கிடந்தது, எடுத்தோம். 60 டன் பிரஸ்ஸில் பாதிகூட வளையவில்லை, துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம், வெளிப்பக்கம் குறுக்கே பிளந்துகொண்டது. தப்பு முழுக்க எங்களுடையதுதான். டி6 என்பது ஹீட் ட்ரீட்மென்டில் ஏற்கெனவே முறுக்கேறின சரக்கு, அதோடு பிளேட் உருட்டின திசைக்கு இணையாகவே வளைவுக் கோட்டைப் போட்டிருந்தோம், ரம்பம் போன விளிம்பைக்கூட அரம் போட்டு மழுக்கவில்லை. பக்கத்துப் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "சோப்பு தேய்ச்சு சூடு பண்ணுனீங்களா தம்பி?" என்றார். துணி சோப்பைக் கோடு கோடாகத் தேய்த்து அடியிலிருந்து டார்ச் காட்டினால், கோடு கருத்துப்போகும் நேரம் பதமான நேரம். அலுமினியம் செக்கச்செவேல் என்று ஆகிக் காட்டாது, நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் திடீரென்று உருகி விழுந்துவிடும். அதற்குத்தான் இந்தச் சோப்பு. முறையாகச் செய்ய வேண்டுமென்றால் 415 டிகிரியில் 2, 3 மணி நேரம் உலையில் வைத்து, 260 வரை உலையிலேயே மெதுவாக ஆற விட வேண்டும்.

இரண்டாவது பிளேட்டை அப்படி இளக்கினோம், வெண்ணெய் மாதிரி வளைந்தது. சந்தோஷம் மூணு மாசம். இளக்கின 6061 வளைத்த பிறகும் இளகியேதான் இருக்கும் என்பதை யோசிக்கவே இல்லை. அடுக்கின ப்ரீப்ரெக்கை அழுத்த 3 டன் போதும், அந்த அழுத்தத்துக்கு மோல்டு அசையாது, அது பிரச்சினையே இல்லை. ஆனால் காய்ந்த ரெசின் துணுக்கு ஒன்று மாட்டினால் போதும், அது அப்படியே மோல்டில் பதிந்துவிடும், அதற்கப்புறம் வருகிற எல்லாக் காலிலும் அதே இடத்தில் ஒரு பரு. திரும்ப 530 டிகிரிக்கு ஏற்றித் தண்ணீரில் முக்கி, அப்புறம் 160-175 டிகிரியில் பல மணி நேரம் வைத்து டி6 ஆக்கலாம்தான். வளைத்துச் சீவின மோல்டு அப்போது கோணிக்கொண்டு வந்தால் யார் பொறுப்பு? அதை விட்டுவிட்டோம்.

மூணாவதாகத்தான் 5083 என்கிற வேறு அலுமினியக் கலவைக்கு மாறினோம். இப்போது ஓடுவது அதுதான். சூடே காட்டாமல் வளைகிறது, அதன் பலம் ஹீட் ட்ரீட்மென்டை நம்பி இல்லை, அதனால் தினமும் 130 டிகிரியில் வெந்தாலும் பெரிதாகத் தளர்வதில்லை. சூட்டைக் கடத்துவதில் 6061-ஐவிட மட்டம்தான், ஆனாலும் சாதாரண இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். உப்புத் தண்ணீர் படுகிற வேலை என்றால் மட்டும் யோசிக்கவும், 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூட்டில் இருந்த 5083-க்கு அது ஆகாது.

வளைக்கும்போது திரும்பி வருவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் மேலிருந்து அழுத்துகிற பஞ்ச் கட்டையைத் தூக்கினதும் இரும்பைவிட அதிகமாக நிமிரும். 120 ரேடியஸுக்கு எங்களுக்கு 5 டிகிரி வரை திரும்பியது. இன்னொன்று, அகலவாட்டில் விளிம்புகள் குதிரைச் சேணம் மாதிரி வளைந்துகொள்ளும். 60 எம்எம் பாகத்துக்கு 150 எம்எம் பிளேட் எடுத்ததே இதற்காகத்தான், நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறோம். வளைத்த பிறகு விஎம்சியில் ஒன்றரை எம்எம் சீவி, எமரி 220-இல் தொடங்கி 800 வரை தேய்த்தால் மோல்டு தயார். வளைத்த பிளேட்டை அப்படியே மோல்டாக வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோணத்தில் ஒரு வேடிக்கை. மோல்டு சரியாக 90 என்றால் வெளியே வரும் கால் 89 டிகிரி சொச்சம்தான் இருக்கும். ரெசின் சுருங்குவதில் வளைவு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இப்போது 91-க்குச் சீவுகிறோம்.

அதிகம் படுத்தியது சூட்டில் விரிவதுதான். வளைத்த பிறகு முனைக்கு முனை 330 எம்எம் இருக்கிற மோல்டு 30-இலிருந்து 130 டிகிரிக்குப் போனால் முக்கால் எம்எம்முக்கு மேல் நீளும், இரும்பு என்றால் அதில் பாதி. கார்பன் கிட்டத்தட்ட அசையவே அசையாது. கீழ் மோல்டில் இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் வைத்திருந்தோம். ஆறும்போது மோல்டு சுருங்கி, கெட்டியாகிவிட்ட பாகத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. மரச் சுத்தியால் தட்டி எடுத்ததில் ஒன்று முனையில் பிளந்தே போனது. ஒரு பக்க ஸ்டாப்பரைக் கழற்றினோம், அவ்வளவுதான், தொல்லை விட்டது. மேல் மோல்டின் கைடு பின் துளையில் ஒன்றை நீள்வட்டமாக மாற்றியதும் இதே காரணத்துக்கு, இல்லையென்றால் இரண்டு மோல்டும் ஒரே சூட்டில் இல்லாதபோது பின் இறுகிவிடும்.

மோல்டில் எம்8 போல்ட் போகிற மரைகள் ஒரு வருஷத்தில் வழித்துக்கொண்டு வந்தன. ஹெலிகாயில் (துளைக்குள் செருகும் கம்பிச் சுருள் மரை) போட்ட பிறகு பிரச்சினை இல்லை, முதலிலேயே போட்டிருக்க வேண்டும். பித்தளை ஆப்பு வைத்து நெம்பாதீர்கள், கீறும். நைலான் ஆப்பு போதும். மழைக்காலத்தில் ஒரு தடவை கார்பன் தூசி ஈரத்தோடு மோல்டில் ஒட்டிக் கிடக்க, இரண்டு வார லீவு விட்டுப் போனோம். வந்து பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் பேட்டரிதானே, அரிப்பு அலுமினியத்துக்கு. இப்போது வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவித்தான் அடுக்குகிறோம்.

ஹார்ட் அனோடைஸ் (மேலே கெட்டியான ஆக்சைடு பூச்சு ஏற்றுவது) செய்தால் கீறல் விழாது என்று சொன்னார்கள், ஒரு மோல்டில் செய்தோம். சூட்டில் அலுமினியம் விரிகிற அளவுக்கு அந்தப் பூச்சு விரியாது, மெல்லிய கோடு கோடாக விரிசல் விட்டது. பாகம் நன்றாகத்தான் வருகிறது, கோடு மட்டும் அச்சாகிவிடுகிறது, பளபளப்பு கேட்கிற வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது.

மாசம் ஆயிரக்கணக்கில் அடிக்கிறவர்கள் இரும்புக்கே போங்கள். எங்களுக்கு மாசம் 40, 50 கால்தான், டிசைனும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாறுகிறது, புது மோல்டு நாலே நாளில் கையில் இருக்கிறது. முதல் 5083 ஜோடியை இரண்டு தடவை மறுபடி சீவியாகிவிட்டது, நடுவில் இப்போது 13 எம்எம்தான் மிச்சம். அடுத்த ஜோடிக்கு 20 எம்எம் பிளேட் சொல்லியிருக்கிறேன்.