நாவல் எழுதுபவருக்கு இணையத்தில் எது உதவுகிறது?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வெங்காயத் தோட்டத்தையும் அதை நம்பி வாழ்ந்த மூன்று குடும்பங்களையும் வைத்து, 1954 முதல் 1977 வரை நடக்கும் ஒரு நாவலை எழுதத் தொடங்கி இரண்டு வருடங்களாகின்றன. இந்தக் காலத்தில் நான் பாவித்துப் பார்த்த இணையத்தளங்கள் பல. அவற்றில் எவை பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்பதை, முதல் நாவலை எழுத எண்ணியிருக்கும் மற்றவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன். நாவல் எழுதுவது எப்படி என்று கற்பிக்கும் தளங்களை விட, எழுதுவதற்கு வேண்டிய செய்தியையும் சொல்லையும் தரும் தளங்களே எனக்குப் பெரிதும் உதவின.

அந்த வகையில் முதலிடம் நூலகம் தளத்துக்கே உரியது. 2005ஆம் ஆண்டு தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என எல்லாவற்றையும் வருடி (ஸ்கான் செய்து) இலவசமாக வாசிக்கத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊரில் இருந்து எழுதுபவருக்கு, ஐம்பது வருடத்துக்கு முந்திய இதழ் ஒன்று வீட்டு மேசையிலேயே விரிவது எத்தனை பெரிய விடயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. என் நாவலின் முதல் அத்தியாயத்தில், 1954இல் கதாநாயகனின் தகப்பனார் யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போவதாக எழுதியிருந்தேன். அந்தப் புகையிரதம் 1956இலேயே ஓடத் தொடங்கியது என்பதைப் பழைய மலர் ஒன்றில் கண்ட பிறகு அந்தப் பயணத்தை முழுவதும் மாற்றி எழுதினேன். கோண்டாவில் நிலையத்துக்கு அருகில் வளர்ந்த எந்த முதியவரும் அந்தப் பிழையை முதல் வாசிப்பிலேயே பிடித்திருப்பார்.

ஆனால் நூலகம் தளத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை நூல்களும் அல்ல, பத்திரிகைகளும் அல்ல. நாம் கல்வெட்டு என்று சொல்லும் நினைவு மலர்கள். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை நாளில் கையில் தந்தால் வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு மூலையில் வைத்துவிடுகிற அந்தச் சிறு புத்தகத்தில் ஒரு நாவலாசிரியருக்கு வேண்டிய எவ்வளவோ கிடக்கின்றன. வருடம், மாதம், பக்கம், திதி எல்லாவற்றையும் நான்கு அடிகளில் அடக்கும் திதி வெண்பா, இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கிளை விரியும் வம்சாவளி, மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பி வந்து வீடு கட்டிய கதை என்று ஒவ்வொரு மலரிலும் ஒரு குடும்பம் முழுதாக நிற்கிறது. 1931இல் பிறந்த என் பாத்திரம் ஒன்றுக்கு நான் சுகந்தி என்று பெயர் வைத்திருந்தேன். முப்பது நாற்பது கல்வெட்டுகளைப் பார்த்த பிறகு, அந்த வயதுப் பெண்கள் பொன்னம்மா, நாகம்மா, அன்னலட்சுமி என்றே இருப்பதைக் கண்டு அவளை அன்னலட்சுமி ஆக்கினேன். பெயர் மாறியதும் அவள் பேசும் விதமும் மாறிவிட்டது. இதை எந்த எழுத்துப் பயிற்சித் தளமும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

குறைகளும் உண்டு. பெரும்பாலான பக்கங்கள் படங்களாகவே இருப்பதால் உள்ளடக்கத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது கடினம். தலைப்பையும் ஆண்டையும் வைத்து எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசி டேட்டாவில் பெரிய கோப்புகளைத் தரவிறக்குவது செலவான வேலை. எனினும், 1970க்குப் பிறகு வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு நம்மூர்த் தோட்டக்காரர் கையில் பணம் புழங்கிய காலத்தை எழுத விரும்புபவர், அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களை ஒரு வாரம் புரட்டினால் போதும். எந்தக் கடையில் என்ன சாமான் விற்றது என்பதில் இருந்து எந்தப் படம் எந்தத் தியேட்டரில் ஓடியது என்பது வரை கிடைத்துவிடும்.

அடுத்தது அகராதி. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய எண்ணிம அகராதிகள் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும் தேடக்கூடிய வடிவில் இருக்கின்றன. வின்சுலோவின் அகராதி யாழ்ப்பாணத்து மிஷனரிமாரின் சொல் சேகரிப்பில் வேர் கொண்டது. லெக்சிகனோ யாழ்ப்பாண வழக்குச் சொற்களைத் தனிக் குறியிட்டே காட்டுகிறது. எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு அத்தியாயத்தை வாசித்துக் காட்டியபோது, “பிள்ளை, வெங்காயத்தை ஆர் அறுவடை செய்யிறது? கிண்டுறதெல்லோ!” என்று இடைமறித்தார். அன்றிரவு அகராதியில் கிண்டுதல் என்ற சொல்லை எடுத்து, கிளறுதல் என்ற பொருளையும் அதைச் சூழ்ந்த மற்றச் சொற்களையும் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. தமிழகப் பத்திரிகை நடை நம்மை அறியாமலே நம் வசனத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்கு இந்தத் தளம் நல்ல மருந்து, பெரியம்மாவும் பக்கத்தில் இருந்தால்.

நாவல் கலையைக் கற்பிக்கும் தளங்களில் ஒன்றை மட்டும் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பிரண்டன் சாண்டர்சன் நடத்திய படைப்பெழுத்து விரிவுரைகள் யூரியூப்பில் இலவசமாக உள்ளன. அவர் மாயக்கதை எழுதுபவர். ஆங்கிலமும் விளங்க வேண்டும். ஆனாலும், ஒரு நாவலின் தொடக்கம் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது, முடிவு அந்த வாக்கை நிறைவேற்ற வேண்டும் என்று அவர் விளக்கும் இடம் எந்த மொழிக்கும் பொருந்தும். ஒரு மாதத்துக்குள் 50,000 சொற்கள் என்ற இலக்கோடு 1999இல் தொடங்கிய நாவல் மாத இயக்கம் (NaNoWriMo) 2025இல் மூடப்பட்டுவிட்டது. அதன் முறையைப் பின்பற்றச் சொல்லும் பக்கங்கள் இன்னும் உள்ளன. தமிழில் எழுதுபவர் அந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. போயிருக்கமாட்டாள் என்பது நமக்கு ஒரு சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்து சொற்கள் வேண்டும். நாளுக்கு 1,667 சொற்கள் என்று நான் ஓடிப் பார்த்து, ஒன்பதாம் நாளில் வசனங்கள் வெறும் நிரப்பலாவதைக் கண்டு, நாளுக்கு 600 என்று குறைத்துக்கொண்டேன். பணம் கட்டிச் சேர்ந்த ஒரு இணைய வகுப்பில் எட்டு வாரத்திலும் என் எழுத்தின் ஒரு பக்கத்தைக்கூட எவரும் வாசிக்கவில்லை. சேர முன்னர், வாசித்துக் கருத்துச் சொல்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டச்சைப் பொறுத்தவரை, கூகிள் ஆவணத்தின் குரல்வழித் தட்டச்சில் இலங்கைத் தமிழ் என்ற தெரிவு உண்டு. விவரிப்புப் பகுதிகளுக்கு அது உதவியது. வாறன், போறியளோ என்று பேச்சு வரும் இடங்களைக் கையால் அடிப்பதே நல்லது. பழைய பிரதி பாமினி எழுத்துருவில் இருப்பவர்கள் அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற இணையத்தில் உள்ள இலவச மாற்றிகளை நம்பலாம், ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது. பாமினியில் காற்புள்ளிக்குரிய விசையில் இகரம் இருப்பதால், மாற்றிய பிரதியில் காற்புள்ளி நிற்க வேண்டிய இடங்களில் ‘இ’ வந்து ஒட்டிக்கொள்கிறது. என் முதல் வரைவின் 312 பக்கங்களிலும் அவற்றைத் தேடித் திருத்தப் பதினொரு நாட்கள் பிடித்தன.