நகரவியல் மாணவர்களுக்கு கியூஜிஐஎஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நகரவியல் இளங்கலையில் சேர்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே கணினியில் ஏற்றிக்கொள்ள வேண்டிய வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் (QGIS). 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியது; கட்டற்றது, காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாலை, பேருந்து நிறுத்தம், பூங்கா விவரங்களை குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரல் (கூடுதல் கருவி) மூலம், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து நேரடியாக இறக்கலாம்.

பலரும் சறுக்கும் இடம் ஆயத்தொலைவு முறை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறை. இறக்கிய தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில், அதாவது பாகையில் இருக்கும். நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட நினைத்து பஃபர் (சுற்றெல்லை போடும்) கருவியில் 400 என்று அடித்தால், அது 400 பாகை. உலகமே வட்டத்துக்குள் போய்விடும். முதலில் ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ கொடுத்து, அந்த ஊர் விழும் யுடிஎம் மண்டலத்துக்கு (மீட்டரில் அளக்கும் ஆயத்தொலைவு முறை) மாற்றுங்கள்.

அந்த வட்டத்தையும் அப்படியே நம்பக் கூடாது. நடுவே ரயில் பாதையோ கால்வாயோ இருந்தால், வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்காரர்கூட ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் வரவேண்டியிருக்கும். பிராசசிங் பெட்டியில் உள்ள ‘சர்வீஸ் ஏரியா’ கருவி சாலை வழியே அளக்கும். ஆய்வறிக்கைக்கு அதுதான் சரி. வரைபடத்தில் சந்துகள் விடுபட்டிருந்தால் அதுவும் தவறும், நேரில் நடந்து பார்த்தே ஆகவேண்டும்.

வார்டு வாரியான மக்கள்தொகை அட்டவணையை இணைத்ததும் எல்லாம் வெறுமையாக வந்தால் பதற வேண்டாம்: ஒரு பக்கம் 07 என்று எழுத்தாக, மறுபக்கம் 7 என்று எண்ணாக இருக்கிறதா பாருங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் நெடுவரிசைத் தலைப்பு 10 பைட்டோடு வெட்டுப்படும், தமிழில் வைத்தால் இரண்டு மூன்று எழுத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பதில் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தில் சேமியுங்கள்.