வீட்லயே சின்ன புக் போட லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போதுமா?

அத்தைக்கு 80 வயசு நிறைஞ்சுது, அவங்க சொல்ற விடுகதைகளை எல்லாம் ஒரு சின்ன புக்கா போட்டு விசேஷத்துக்கு வர்றவங்களுக்கு தாம்பூலப் பையில வச்சுக் குடுக்கலாம்னு வீட்ல பேசி முடிவாச்சு. மொத்தமே 50 காப்பி, இதுக்கெல்லாம் ஆஃப்செட் பிரஸ் பக்கம் போனா அச்சு பிளேட் காசுக்கே கட்டாது, அதனால லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல நானே லேஅவுட் பண்ணி ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்தேன். சாஃப்ட்வேர் ஓசிதான், காசு எதுவும் கட்ட வேணாம்.

இதுல ப்ரோஷர்னு ஒரு ஆப்ஷன் பிரிண்ட் விண்டோவுலயே இருக்கு, இதுக்காகவே 5க்கு 4 மார்க் குடுப்பேன். நீங்க 1, 2, 3ன்னு வரிசையா டைப் பண்ணிட்டுப் போனா போதும், மடிச்சா புக்கா வர்ற மாதிரி அதுவே பக்கத்தை மாத்தி அடுக்கிக்கும். என்னோடது 24 பக்கம், அதாவது 6 தாள். முதல் தாள்ல 24ம் 1ம் பக்கத்துல பக்கத்துல, அதோட பின்னாடி 2ம் 23ம். எந்தத் தாளை எடுத்தாலும் ஜோடி நம்பரைக் கூட்டுனா 25 வரணும், வரலைன்னா எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். பக்கக் கணக்கு நாலால வகுபடணும், இல்லைன்னா கடைசியில வெத்துப் பக்கம் விழும்.

நான் சொதப்புனதையும் சொல்லிடறேன். முதல்ல பேஜ் சைஸை ஏ4லயே விட்டு 12 பாயின்ட்ல டைப் பண்ணிட்டேன், ப்ரோஷர்ல பக்கம் பாதித் தாளுக்குள்ள சுருங்கி எழுத்து எட்டரை பாயின்ட்டா வந்து எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிருச்சு. ஆரம்பத்துலயே ஏ5னு, அதாவது ஏ4ல பாதி, வச்சுக்குங்க. அடுத்தது, ஸ்டைல்ல சைஸை மாத்துறேன் மாத்துறேன் தமிழ் எழுத்து அசையவே இல்ல, அரை நாள் மண்டை காஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது தமிழுக்கு சிடிஎல் ஃபான்ட்னு தனியா ஒரு இடம் இருக்காம், அங்க மாத்துனாதான் மாறும். ஃபான்ட் நோட்டோ செரிஃப் தமிழ், 11 பாயின்ட். ரெண்டு ஓரமும் நேரா நிக்கிற மாதிரி ஜஸ்டிஃபை மட்டும் பண்ணிடாதீங்க, நம்ம வார்த்தை நீளம், ஏ5 அகலம் கம்மி, வார்த்தைக்கு வார்த்தை நடுவுல பஸ்ஸே போற அளவுக்கு கேப் விழுது.

கடைக்கு ஃபைலை அப்படியே கொண்டு போகாதீங்க, அங்க அந்த ஃபான்ட் இல்லைன்னா கெட்டுது கதை. பிடிஎஃப் ஆக்கித்தான் குடுக்கணும், அதையும் எக்ஸ்போர்ட் வழியா எடுத்தா ப்ரோஷர் அடுக்கு வராது, பிரிண்ட் விண்டோவுல இருந்தே பிடிஎஃப்பா சேவ் பண்ணணும். ரெண்டு பக்கமும் அடிக்கிறப்போ ஷார்ட் எட்ஜ்னு, அதாவது தாளோட குட்டை ஓரத்துல திருப்பச் சொல்லுங்க. நான் சொல்ல மறந்து முதல் செட்டு பூரா பின்பக்கம் தலைகீழ், பாவம் அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லல, நாந்தான் காசு குடுத்தேன்.

சென்டர் பின் வீட்லயே அடிச்சோம். நீளக் கை ஸ்டேப்ளர் இல்ல, சாதா ஸ்டேப்ளரையே விரிச்சுப் பிடிச்சு அடியில பழைய ரப்பர் செருப்பை வச்சு ஒரு குத்து, அப்புறம் கரண்டிக் காம்பால பின்னை மடக்கி விடறது. சின்ன நம்பர் 10 பின் அட்டையோட சேர்த்துத் தாங்கல, 24/6 பின்தான் ஏறுச்சு. மடிச்சதும் நடுத்தாள் கொஞ்சம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், அதை மட்டும் பைண்டிங் கடையில குடுத்து கட்டிங் போட்டுட்டோம், கத்தரிக்கோலால எல்லாம் அந்த நேர்த்தி வராது.

40 பக்கத்தைத் தாண்டுச்சுன்னா இந்த வேலை வேணாம், முதுகுல பசை போட்டு ஒட்டுற பர்ஃபெக்ட் பைண்டிங்குக்கு குடுத்துடுங்க.

அத்தைக்கு மட்டும் அதே பிடிஎஃப்பை ஏ3 தாள்ல பெருசாக்கி அடிச்சு ஒரு காப்பி பண்ணினோம், எழுத்து 15 பாயின்ட்டுக்கு மேல வந்துருச்சு, கண்ணாடி இல்லாமயே படிக்கிறாங்க. படிச்சுட்டு, 17வது விடுகதைக்கும் 18வதுக்கும் விடை மாறிக் கெடக்கேடான்னு அவங்கதான் கண்டுபிடிச்சாங்க, 50 காப்பியும் குடுத்து முடிச்ச பிறகு.