தஞ்சைக் கட்டாரி என்று சொல்லி 84,000 ரூபாய் பறித்துவிட்டார்கள்: சேகரிப்பாளர்களுக்கு எச்சரிக்கை

பழைய ஆயுதங்களைச் சேகரிக்கும் நண்பர்கள் இதை முழுவதும் படித்த பிறகு அடுத்த ஏலத்தில் விலை கேளுங்கள். பழம்பொருள்களை ஏலத்தில் விற்கும் ஓர் இணையதளத்தின் வழியாக, நாயக்கர் காலத்துத் தஞ்சைக் கட்டாரி (கைமுட்டியில் பற்றிக் குத்தும் குறுவாள்) என்று சொல்லி என்னிடம் 84,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு பட்டறையில் அண்மையில் செய்த போலியை அனுப்பியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள்.

கையை மூடிக் குறுக்குப் பிடியைப் பற்றுவதற்கு ஏற்ற அமைப்பும், இருபுறமும் மணிக்கட்டை நோக்கி நீளும் சட்டங்களும், விரல்களின் மேல் வளைந்து கவியும் கைக்காப்பும், அதன் நுனியில் உளியால் செதுக்கிய யாளி முகமும் தஞ்சைக் கட்டாரியின் அடையாளங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வாள் அலகுகளை வெட்டி, பிடியோடு ஆணியடித்துப் பொருத்தியவையும் அவற்றில் உண்டு. 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன பின்பு அரண்மனை ஆயுதசாலை சிதறியது; அங்கிருந்தவற்றில் சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன, சில கடல் கடந்து போய்விட்டன. இந்த வரலாறுதான் மோசடிக்காரர்களுக்கு வசதியாகிவிடுகிறது. ‘ஆயுதசாலை கலைந்தபோது எங்கள் முன்னோர் வாங்கியது’ என்று சொன்னால் அதை மறுப்பதற்கு யாரிடம் போவது?

விற்றவர் வீடியோ அழைப்பில் கட்டாரியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அலகில் ஓடும் பள்ளங்களைப் பற்றி நான் கேட்டபோது தடுமாறாமல், நிதானமாக விளக்கினார். ‘தம்பி, விலை கூடக் குறைய வரலாம், அது பெரிதில்லை. மதிப்புத் தெரிந்தவர் கைக்குப் போனால்தான் எனக்கு நிம்மதி’ என்று அவர் சொன்ன நொடியில்தான் பணத்தைக் கட்ட முடிவெடுத்தேன். அந்தப் பக்கத்தில் ‘நிபுணர் சரிபார்த்தது’ என்ற முத்திரையும் இருந்தது. பொருளோடு சான்றிதழும் வரும் என்று உறுதியளித்திருந்தார்கள்.

பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்ததுமே செந்துரு அப்படியே துணியில் இறங்கிவிட்டது. பல நூற்றாண்டுப் பழைய இரும்பில் கறுத்து இறுகிய படலம் இருக்கும். இதிலோ அமிலத்தால் அரித்தெடுத்தாற்போல ஒரே ஆழத்தில் புள்ளிகள் இருந்தன. பக்கச் சட்டமும் குறுக்குப் பிடியும் சேரும் இடத்தில் வெல்டிங் தடத்தைக் கிரைண்டரால் பாதி தேய்த்து விட்டிருந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், யாளியின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மெல்லிய கோடு ஒன்று இறங்குகிறது. அது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம். உளி பட்ட முகத்தில் அப்படி ஒரு கோடு வராது.

‘பழைய இரும்பு அப்படித்தான் இருக்கும் தம்பி, இடையில் யாராவது பழுது பார்த்திருப்பார்கள்’ என்ற விற்பனையாளர், அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். இணையதளமோ முதலில் ‘உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்’ என்றது. பிறகு பொட்டலத்தைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது என்றது. சான்றிதழில் கையெழுத்திட்ட நிபுணர் யார் என்று கேட்டதற்கு, கொள்கைப்படி சொல்ல முடியாதாம். இதற்கிடையே விளம்பரத்தில் இருந்த ‘நாயக்கர் காலம்’ என்ற சொற்களை நீக்கிவிட்டு, ‘பழமைப் பாணி அலங்காரப் பொருள்’ என்று மாற்றி எழுதிவிட்டார்கள். என் புகாரின் எதிரே இப்போது ‘தீர்க்கப்பட்டது’ என்றிருக்கிறது. 84,000 ரூபாய் போயிருக்கிறது, எதைத் தீர்த்தார்கள்?

விரிவாக எழுத இப்போது மனம் நிலையாக இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். இணைப்புகளையும் கைக்காப்பின் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தொழிலாக விற்பவர் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும், அதன் எண்ணைக் கேளுங்கள். பொட்டலம் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்தவுடன் இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதே விற்பனையாளர் இன்று காலை ‘மராத்தியர் காலத்துக் கட்டாரி’ என்று இன்னொன்றை ஏலத்துக்கு விட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதே அச்சில் வார்த்த அதே யாளி. யாரும் அதற்கு விலை கேட்க வேண்டாம்.