நாலு வருஷமா ஒரே கேமரா, அதே திருவல்லிக்கேணி

ரிக்கோ ஜிஆர் 3 என்ற சின்னக் கேமராவை 2021-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாளாவது அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறேன். எடுத்ததில் பத்துக்கு ஒன்பது படம் சென்னைத் திருவல்லிக்கேணிதான்: பார்த்தசாரதி கோயில் மாட வீதிகள், பாரதி சாலை (பழைய ஆட்களுக்கு இன்னமும் அது பைகிராப்ட்ஸ் ரோடு), ஜாம்பஜார், பெரிய பள்ளிவாசல் பக்கம். தெருப் படம் எடுக்க இதை வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் என் அனுபவத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது டிஎஸ்எல்ஆர் என்கிற பெரிய கேமரா, நீளமான ஜூம் லென்ஸோடு. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, டீ மாஸ்டர் ஆற்றுவதை இழுத்து எடுப்பேன். படம் துல்லியமாக வரும், ஆனால் அந்த டீயின் சூடு அதில் இருக்காது. தூக்கிப் பிடித்தாலே கடையில் பேச்சு நின்றுவிடும், "எந்த சேனல் சார்?" என்பார்கள். ஜிஆர் 3 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தே 257 கிராம்தான், சட்டைப் பையில் அடங்கும். படம் பதிகிற சென்சார் மட்டும் சின்னதில்லை, பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கிற அதே ஏபிஎஸ்-சி அளவு, 24 மெகாபிக்சல். ஜூம் கிடையாது, 28 மில்லிமீட்டர் என்கிற அகலமான கோணம் மட்டும்தான், ஆள் முகம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு எட்டு முன்னால் போய் நிற்பதைத் தவிர வழியில்லை.

என் கைக்குப் பழகிய செட்டிங் ஒன்றுதான். ஸ்னாப் ஃபோகஸை, அதாவது ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிறுத்திவைக்கிற வசதியை, 2 மீட்டரில் வைத்துவிட்டு, லென்ஸ் திறப்பு எஃப் 8, வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ ஆட்டோ. இப்படி வைத்தால் சுமார் 1 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும், கேமரா ஃபோகஸைத் தேடித் திணறாது. பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் போதும், வேலை முடிந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற தெருப் படக் கலைஞர் டைடோ மோரியாமா ஜிஆர் வரிசைக் கேமராக்களைப் பல வருஷமாகப் பயன்படுத்தியவர் என்று தெரிந்துதான் வாங்கினேன், ஆனால் ஏன் என்பது இந்த ஸ்னாப் ஃபோகஸ் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

ஒரு மார்கழியில், விடிந்தும் விடியாத நேரம், தெற்கு மாட வீதியில் ஒரு பாட்டி இழைக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய்க் குனிந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே, "முடியட்டும்ப்பா, பாதிக் கோலத்தை எடுக்காதே" என்றார். சரி என்று பக்கத்துத் திண்ணை ஓரமாக நின்றேன். ஈரமாவு விரல் நுனியிலிருந்து நூல் மாதிரி இறங்குகிறது, துணியை ஒரு தடவை பிழிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று அந்தக் கைக்குத் தெரிகிறது. கடைசியில் நான் எடுத்தது, கோலம் முடிந்து இடுப்பில் கை ஊன்றி அவர் எழுந்த படத்தைத்தான். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கோலத்தின் ஒரு மூலையைக் காட்டி, "இந்த இழை கோணிடுச்சே, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். இருபது நிமிஷம் அங்கேயே நின்ற எனக்கு அது கண்ணில் படவில்லை. அப்புறம் ஒவ்வொரு படத்திலும் மூலைகளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

எல்லா நாளும் அப்படி அமையாது. ஜாம்பஜாரில் ஒரு காய்கறிக்காரர் கையைத் தலைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார், வெளிச்சம் அருமையாக இருந்தது, கேட்காமல் எடுத்துவிட்டேன். "மூணு நாளா வியாபாரமே இல்ல, உனக்குப் படம் கேக்குதா?" என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் முன்னாலேயே அழித்தேன், திரையில் அவரும் பார்த்தார். அன்றிலிருந்து நொந்துபோய் உட்கார்ந்திருப்பவரை நான் எடுப்பதில்லை, எவ்வளவு நல்ல வெளிச்சமாக இருந்தாலும். இரண்டு மீட்டரில் நிற்கும்போது மறைந்துகொள்ள இடமில்லை, நான் யார் என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் இந்தத் தூரத்தை நான் விடவே மாட்டேன்.

தொல்லைகளையும் சொல்லவேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் கிடையாது, சித்திரை வெயிலில் நடுப்பகலில் திரையில் ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்கவேண்டும். நான் அந்த நேரத்தில் போவதையே விட்டுவிட்டேன், காலை ஆறரைக்குக் கடல் பக்கமிருந்து வெயில் தெருவின் நீளத்துக்குப் படுக்கையாக விழும்போது போகிறேன். பேட்டரி ஒரு சார்ஜுக்கு 200 படம் என்று கணக்கு, நான் எப்போதும் இன்னும் இரண்டு வைத்திருப்பேன், டைப்-சி கேபிளில் பவர் பேங்கிலிருந்தும் ஏற்றிக்கொள்ளலாம். மழை தாங்குகிற உடம்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாலிதீன் பையோடுதான் வெளியே வரும், வீட்டில் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் தூங்கும், கடற்காற்று பூஞ்சையை வேகமாகக் கூட்டிவரும்.

தூசி விஷயம் தனி. இரண்டு வருஷம் ஜீன்ஸ் பையில் உறை இல்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தேன், பஞ்சும் பொடியும் உள்ளே போய் சென்சாரில் உட்கார்ந்துவிட்டது. மெரினாவில் எடுத்த படங்களில் வானம் முழுக்கக் கருப்புப் புள்ளி. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா, நாமே ஊதித் துடைக்க வழியில்லை. பிரித்துச் சுத்தம் செய்து வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் போனில் எடுத்துப் பார்த்தேன், படம் மோசமில்லை, ஆனால் நடுவில் மெசேஜ் வந்து கண் தெருவை விட்டுப் போய்விடும். இப்போது சின்னத் துணிப்பை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.

2025-ல் ஜிஆர் 4 வந்துவிட்டது, நான் மாற்றவில்லை. தூரத்தில் நின்று எடுக்கவேண்டும், கிரிக்கெட், பறவை என்றால் இது வேண்டாம். பழசு வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். தூசிப் புள்ளி இருந்தால் வாங்காதீர்கள், வாங்கியே ஆகவேண்டும் என்றால் சுத்தம் செய்கிற காசைக் குறைத்துக் கேளுங்கள்.